குழாயடியில் குடை பிடித்தவர்

எழுபதுகளின் தொடக்கத்தில், தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் லித்தோ அச்சகம் ஒன்று இருந்தது. அதன் உரிமையாளருக்கு வாரம் ஒரு சுவரொட்டி போடும் யோசனை: ஓரங்களில் உள்ளூர்க் கடை விளம்பரம், நடுவில் ஒரு கேலிச்சித்திரம். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டு, ஓய்வு நேரத்தில் படம் வரைந்துகொண்டிருந்த நான், பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மன்னரையே இப்படிக் கல்லில் வரைந்து கலங்கடித்த கதையைச் சொல்லி அவரை மடக்கினேன்.

"ஒரு படம் போட்டுப் பாப்போம் சார். ஊரு பேசுச்சுன்னா வாராவாரம் உங்களுக்குத்தான். பேசலைன்னா கல்லைத் தேய்ச்சுட்டுக் கல்யாண போஸ்டர் போட்ருவேன்" என்றார்.

ஊர் பேசும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வயதில் என்னைப் பற்றிய சந்தேகம் பிறருக்குத்தான் வரும்.

எங்கள் வார்டு கவுன்சிலரை எடுத்துக்கொண்டேன். தெருவுக்குக் குழாய் போட்டு, மாலை மரியாதையோடு திறப்பு விழாவும் நடத்தியிருந்தார். தண்ணீர் மட்டும் வரவில்லை. அந்தக் குழாயடியில், நனைந்துவிடாமல் குடை பிடித்து அவர் நிற்பதாகப் படம். பெயர் போட்டால் வழக்கு வரும். ஆகவே முகம்தான் பேச வேண்டும். அதற்குக் கடவுள் தாராளமாக உதவியிருந்தார். வலது கன்னத்தில் சுண்டைக்காய் அளவு மரு, ஒரு பக்கம் ஏறிய புருவம், ஒரு பக்கமே சிரிக்கும் வாய்.

"சார், கல்லுல இருக்கிறது தாள்ல இடம் வலமா மாறி விழும். கண்ணாடிய வச்சுப் பாத்துத் திருப்பி வரையுங்க" என்று உரிமையாளர் சொல்லத்தான் செய்தார். ஓவியனிடம் இப்படியெல்லாம் பேசக்கூடாது என்று நினைத்துக்கொண்டு நேராகவே வரைந்தேன். கல்லில் கவுன்சிலர் உயிரோடு நின்றார்.

ஒட்டிய அன்று காலை, டீக்கடைச் சுவரோரம் ஒதுங்கி நின்று புகழுக்குக் காத்திருந்தேன். இரண்டு பேர் வந்து படத்தைப் பார்த்தார்கள்.

"யாருண்ணே இது?"

"எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கு மாப்ள. பிடிபடல."

"கவுன்சிலர் தம்பியோ?"

"அவருக்கு ஏதுடா தம்பி. இது குடைக்கடை விளம்பரம்."

அச்சகத்துக்கு ஓடினேன். "குடை என்ன விலைன்னு ஆளுக கேட்டுட்டுப் போறாக சார்" என்றார் உரிமையாளர். தாளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மரு, புருவம், சிரிப்பு எல்லாம் பக்கம் மாறிக் குடியேறியிருந்தன. அவர் கல்லைத் தேய்க்க மணலை எடுத்தார்.

கவுன்சிலர் உள்ளே வந்தது அப்போதுதான். கையில் கிழித்தெடுத்த சுவரொட்டி, பின்னால் இரண்டு ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி.

"யாரு வரைஞ்சது?"

உரிமையாளர் மணல் கையாலேயே என்னைக் காட்டினார். எனக்கு என் தோல்வியைத் தவிர வேறு துணை இல்லை. "அண்ணே, இது நீங்க இல்ல. உங்களுக்கு மரு இந்தப் பக்கம், இவருக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

"ஆமாண்ணே" என்றார் அவருடைய ஆட்களில் ஒருவர், உண்மையாகவே. "உங்க சாயலே இல்லண்ணே."

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதாடா? இம்புட்டு வருசமா தெனமும் கண்ணாடியில பாத்துச் சவரம் பண்றேன். மரு அங்கதான் இருக்கு. புருவம் அப்படியேதான் இருக்கு."

அவர் சொன்னது சரி. அந்த முகத்தை இடம் வலம் மாறிப் பார்த்தே பழகியவர் ஊரில் அவர் ஒருவர்தான். அவர் ஒருவருக்காகவே நான் அத்தனை தாள் அச்சடித்திருக்கிறேன்.

ஆட்கள் நம்புவதாக இல்லை. அவர் வாசலுக்கு வந்து, சுவரொட்டியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "நல்லாப் பாருங்கய்யா, இது நான்தான்" என்று தெருவுக்கே நிரூபித்தார்.

"அப்ப அது நம்ம தெருக் குழாயாண்ணே?" என்று கேட்டார், காலிக் குடத்தோடு நின்ற ஒரு பெண்.

சிரிப்பு சந்து முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வழக்குப் போட்டால் இதையே நீதிபதி முன்னாலும் நிரூபிக்க வேண்டும் என்று கவுன்சிலருக்கு உறைத்திருக்க வேண்டும். தாளைச் சுருட்டினார். "வயித்தக் கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உரிமையாளர் கையிலிருந்த மணலைத் தட்டினார். "அடுத்த வாரம் யாரு சார்?"

அடுத்த வாரம் கண்ணாடி வைத்து முறைப்படி வரைந்தேன். தராசுத் தட்டில் கட்டைவிரலையும் சேர்த்து அரிசி நிறுக்கும் மண்டிக்காரர் ஒருவர். பார்த்த மாத்திரத்தில் ஊரே அவர் பெயரைச் சொன்னது. அவரும் வந்து, நிதானமாக நின்று பார்த்தார். "எவன்யா இந்தத் திருட்டுப் பய, நல்லாப் போட்டிருக்கீக" என்று சிரித்து, எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.