துடிக்காத கட்டைவிரல்

நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதற்குச் சம்பளமா என்று அவள் கணவன் கேலி செய்வான். அவளும் விட மாட்டாள். உங்களைப் போல் வாயை மூடிக்கொண்டு பார்க்கிற வேலை இல்லை என்பாள். அறுவை அரங்கில் நரம்புகளைக் கண்காணிக்கும் டெக்னீஷியன் அவள். நூல் நூலாக ஓடும் நரம்பை மருத்துவர் மின்குச்சியால் தொட்டால், அது இழுக்கும் தசை துடித்துத் திரையில் அலை எழும்பும். அலை இல்லாத இடத்தில் வெட்டுவார்.

அன்று படுத்திருந்தவர் பஸ் டிரைவர். புரோஸ்டேட் சுரப்பியில் புற்று; அதை எடுக்கும்போது சிறுநீரை அடக்கும் நரம்பு அறுந்துவிடலாம். மயக்கம் கொடுக்குமுன் அவளை அருகில் கூப்பிட்டு, "ஆபரேஷனுக்கு அப்புறம் இருமினாலே சிறுநீர் கசிஞ்சா, சீட்டை நனைச்சுட்டு வண்டி ஓட்ட முடியாதும்மா" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது மணி நேரத்தில் மருத்துவர் குச்சியை வைத்தார். அலை இல்லை. மறுபடி வைத்தார். இல்லை. கத்தரிக்கோலைக் கேட்டார். கோபம் மூக்கின்மேல் நிற்கிற மனிதர் அவர்; அவர் முன்னால் யாரும் தும்மக்கூட யோசிப்பார்கள். ஆனால் சற்று முன்புவரை தொடாமலே லேசாக அதிர்ந்துகொண்டிருந்த மறுபக்கத் தசையும் இப்போது திரையில் வெறும் கோடாகக் கிடந்தது அவளை உறுத்தியது.

"டாக்டர், வெட்டாதீங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நோயாளியின் மணிக்கட்டில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். துடிக்க வேண்டிய கட்டைவிரல் அசையவில்லை. அப்படியானால் நரம்பு இல்லாமல் இல்லை, உடம்பு முழுக்கத் தசைதான் தூங்குகிறது. மயக்க மருத்துவர் அசடு வழிந்தார். ஆள் லேசாக அசைந்ததால் தசையைத் தளர்த்தும் மருந்து கொஞ்சம் போட்டாராம், சொல்ல மறந்துவிட்டாராம்.

அறுவை மருத்துவர் அவரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோயிருக்கும். "எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"விரல் துடிக்கிற வரைக்கும்."

இருபது நிமிடம் அத்தனை பேரும் ஒரு கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். துடித்தது. மருத்துவர் அதே இடத்தில் குச்சியை வைக்க, திரையில் அலை துள்ளி எழுந்தது. அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் கம்பிகள், நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் அந்த நூலை மெல்ல ஒதுக்கிவிட்டுச் சுரப்பியை எடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, வெளிநோயாளிகள் வரிசையிலிருந்து அவளைக் கண்டு டிரைவர் எழுந்து வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று அவள் கூச்சத்துடன் நின்றாள். அவரோ காலை அகட்டி நின்று, வரிசையே திரும்பிப் பார்க்க, அடிவயிற்றிலிருந்து இருமினார். இன்னொரு தடவையும் இருமினார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு சொட்டுகூடக் கசியலம்மா" என்றார்.