குக்கரில் வேகும் இடுக்கி

எங்கள் தொழிலில் வருகிற ஆளைக் கண் பார்ப்பதற்கு முன்னால் காது பார்த்துவிடும். முதலில் தூரத்தில் ஒரு ஸ்கூட்டியின் சத்தம். தெருமுனை வந்ததும் அது பொசுக்கென்று அணையும். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் செருப்புச் சத்தம், ஸ்டாண்டு போடும் சத்தம், கதவில் ஒற்றை விரலால் இரண்டு தட்டு. அப்புறம்தான் முகம்.

நான் செய்வது எலக்ட்ராலிசிஸ். முடி முளைக்கும் துளைக்குள் மயிரிழை போன்ற ஊசியை இறக்கி, துளி மின்சாரம் விட்டு, வேரைச் சாகடித்து, முடியை இடுக்கியால் எடுக்க வேண்டும். பிறகு அடுத்த முடி. பிறகு அதற்கடுத்தது. காரைக்காலில் என் தோழி ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். எட்டு மணிக்கு அவள் ஷட்டரை இறக்கியதும் பின்னறை என் கைக்கு வரும். எப்படியும் எனக்கு ராத்திரியில் தூக்கம் கிடையாது. வீட்டுக்குப் போனால் மின்விசிறியோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். காஜா எடுக்கிறவர்கள், வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவர்கள், ஊரே தூங்கும்போது டூட்டி பார்க்கிறவர்கள், உங்களுக்கெல்லாம் என் கழுத்து வலியை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மதாம்

இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முன்பு ஒரு நர்சிங் ஹோமில் இரவு உதவியாளராக இருந்தேன். மூடிப்போன ஒரு கிளினிக்கிலிருந்து பழைய மெஷின் ஒன்று கைக்கு வந்தது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, என் காலிலேயே ஊசி குத்திப் பழகினேன். என் இடது முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முடி கிடையாது. பக்கத்தில் ஒரு தழும்பு உண்டு. அது முதல் வாரத்துப் பாடம்.

மெஷினோடு வந்த கையேடு பிரெஞ்சில் இருந்தது. எங்கள் ஊரில் அதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பக்கத்துக்குப் பக்கம் மதாம், மதாம்னுதான்மா போட்டிருக்கான். இந்த மெஷின் பொம்பளைங்களுக்கு மட்டுந்தான், ஞாபகம் வச்சுக்க."

வாசல் பெருக்கிய விருந்து

அவர் சொன்னது தப்பவில்லை. என்னிடம் வந்தவர்கள் எல்லாம் பெண்கள்தான். அவர்களில் ஒருத்தி மைதிலி. குரும்பகரத்து விவசாயக் குடும்பம். முப்பத்து நான்கு வயது. திருநள்ளாறில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. பிறந்தபோது அவளுக்கு வைத்த பெயர் ஆண்பிள்ளைப் பெயர். அது நமக்கு வேண்டாம், அவளுக்கே வேண்டாமாம்.

சென்னையில் ஒரு டாக்டர் அவளுக்குப் பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை சிகிச்சை செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு நிபந்தனை. அந்த இடத்துத் தோலை மடித்து உள்பக்கமாக வைத்துத் தைப்பார்கள். வேர் உயிரோடு இருந்தால் முடி உள்ளே முளைக்கும். பிறகு அதை எடுக்க வழியில்லை. "வர்ற தை போய், அதுக்கு அடுத்த தைக்குப் பிறகு வாங்க, பார்ப்பேன். சுத்தமா இருந்தா மாசியில தேதி. இல்லேன்னா வரிசையில கடைசி" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கையில் ஒன்றரை வருடம் இருந்தது. முடி எல்லாம் ஒன்றாக வெளியே வராது. ஒரு கூட்டம் வெளியே நிற்கும்போது இன்னொரு கூட்டம் உள்ளே தூங்கும். அதனால் அந்த ஒன்றரை வருடமே இழுபறிதான்.

முதல் நாள் விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்க்கிறேன், இடம் வழவழவென்று கிடக்கிறது. ஊசி இறங்கத் துளை தெரிய வேண்டும், இடுக்கி பிடிக்க நுனி வேண்டும். இவள் சாயங்காலம் குளித்து, சுத்தமாக மழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு வாரம் வளர்த்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இத்தனை முறை போனில் சொல்லியும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு சொன்னாள், "வீட்டுக்கு ஆளு வர்றாங்கன்னா வாசலைப் பெருக்கி வைக்கிறதில்லையாக்கா?"

ரூம் இல்லை

மரத்துப்போகிற களிம்பைத் தடவி ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் அந்த இடத்தில் வலி வலிதான். சிலர் அழுவார்கள், சிலர் என்னைத் திட்டுவார்கள். திட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்கும், வேலை பாட்டுக்கு ஓடும். மைதிலி இரண்டும் செய்ய மாட்டாள். மின்சாரம் கடிக்கும் ஒவ்வொரு முறையும், லாட்ஜில் பேசுகிற அதே மரியாதைக் குரலில், "ரூம் இல்லைங்க சார்" என்பாள். அடுத்த முடி. "எல்லாம் ஃபுல்லுங்க சார்." அடுத்த முடி. "சனிக்கிழமைல முன்னாடியே சொல்லணுங்க சார்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் ஊசியைக் கீழே வைத்துவிடுவேன். இப்படி ஒரு நாள் இல்லை, வாரத்துக்கு வாரம். பகல் முழுக்க லாட்ஜில் நின்றுவிட்டு வந்து இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பாள். நான் பார்த்த ஆஸ்பத்திரி ராத்திரிகளில் இவ்வளவு திடமான ஆளைப் பார்த்ததில்லை.

"உண்மையிலேயே அது உதவுதா?" என்று ஒரு நாள் கேட்டேன். "எங்கக்கா! நானும் இடமில்லன்னு சொல்லிட்டேதான் இருக்கேன். இந்த வலி என்னமோ அட்வான்ஸ் குடுத்துட்ட மாதிரியே நிக்கிது."

இன்னொரு நாள் அவள் சோர்ந்துபோயிருந்தாள். போன மாதம் முடித்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து வந்திருந்தது. இதுதான் இயல்பு, இது வேறு முடி என்று எடுத்துச் சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "எங்க லாட்ஜுக்கு வர்ற சனம் குளத்துல ஒரு முழுக்குப் போட்டா சனி விட்டுப் போயிடுது. எனக்கு மட்டும் ஒவ்வொண்ணா விடுது பாருங்க."

தாளிக்காத குக்கர்

ஊசி ஒரு ஆளுக்கு ஒரு முறைதான்; அப்புறம் மூடி போட்ட டப்பாவுக்குள் போய்விடும். இடுக்கிகளை மட்டும் கழுவி, பிரஷர் குக்கரில் வைத்து நீராவியில் கிருமி போக்குவேன். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் இயந்திரமும் அடிப்படையில் குக்கர்தான், விலைதான் வேறு.

பார்லரின் பின்சுவரை ஒட்டி ஜெய்னம்புவின் வீடு. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவரிடம் போனில் பேசிவிட்டுத் தூங்க அவளுக்கு நேரமாகும். ஒரு நாள் காலையில் கடையில் பால் வாங்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் என்ன செய்கிறேன் என்று கேட்கப்போகிறாள், பதில் என்ன சொல்வது என்று எனக்குள் ஒரே ஓட்டம். அவள் குரலைத் தாழ்த்தினாள். "தெனம் ராத்திரி குக்கர் விசிலு கேக்குதுக்கா. ஒரு நாளாச்சும் தாளிக்கிற வாசம் வரணுமே?"

கோரை

ஆறாவது மாதத்தில் ஒரு நாள் மைதிலியால் ஸ்கூட்டியில் உட்கார முடியவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தாள். செல்வம் குரும்பகரத்திலிருந்து வந்தார். ஐந்து ஏக்கர் நெல் விவசாயம், அதிகம் பேசாத மனிதர். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "நம்ம ஆளு கிளம்பியாச்சுங்களா?" என்றார். தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை, மைதிலி என்று சொல்லவும் வரவில்லை. பல வருடமாக வீட்டில் அவள் 'நம்ம ஆளு'தானாம். அன்றிலிருந்து வாராவாரம் அவரே வந்து கூட்டிப்போனார். அவரும் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிடுவார்.

ஒரு நாள் மழைக்கு வராந்தாவில் ஒதுங்கினார். நாற்காலி போட்டேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏங்க, ஒரே தடவையா எடுத்துட முடியாதுங்களா? ஏமாத்துறாங்களோன்னு வீட்டுல பேசிக்கிறாங்க" என்றார். நான் கோபப்படவில்லை, என் வேலையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. மேலே தெரிவதை வெட்டினால் அடியில் இருப்பது மறுபடி வரும், அடியில் இருப்பதும் ஒரே நாளில் முளைக்காது என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. எழுந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். "வயல்ல வர்ற கோரைன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல. கிழங்கு கிடக்கிற வரைக்கும் அது வந்துகிட்டேதான் இருக்கும். வீட்டுல நான் சொல்லிக்கிறேன்."

யூரியா

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஐப்பசியில் மைதிலிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தைக்கு இரண்டே மாதம். இன்னும் ஒரு ஓரம் பாக்கி. "கொஞ்சம் கூட்டி வையுங்கக்கா, நான் தாங்கிக்கிறேன்" என்றாள். நிதானம்தான் இந்த வேலையின் முதல் பாடம். என் காலிலேயே அதன் சாட்சி இருக்கிறது. அப்படியும் சீக்கிரம் முடித்துக் காட்ட வேண்டும் என்கிற அரிப்பு விடவில்லை. மின்சாரத்தைக் கூட்டினேன். நேரத்தையும் கூட்டினேன். மூன்றாம் நாள் அந்த ஓரம் சிவந்து பொருக்குத் தட்டிவிட்டது. தோல் ஆறும்வரை தொடக்கூடாது. மூன்று வாரம் போயிற்று. ஆறின இடம் தழும்பாகிவிட்டால் டாக்டர் அந்தத் தோலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அந்த மூன்று வாரமும் அவள் வருகிற ராத்திரிகளில் நான் வெறும் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் வந்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், தழும்பு இல்லை, நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. எனக்குக் கண் கலங்கியது. வாசலுக்குப் போய்ச் செல்வத்திடம் என் தப்பைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கதவுக்கு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "யூரியாவ அள்ளிக் கொட்டுனா பயிரு கருகத்தான் செய்யும். அவங்கள ஏன் அவசரப்படுத்துன, மைதிலி?"

உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. நான் உள்ளே போனபோது போர்வைக்குள்ளிருந்து கேட்டாள், "அக்கா, அண்ணன் என்ன சொல்லிக் கூப்புட்டுச்சு? நீங்களே இன்னொரு தடவ சொல்லுங்க."

மூன்று

தை கழிந்தது. மைதிலி சென்னைக்குப் போனாள். இரண்டு நாளாகப் போன் இல்லை. நானும் செய்யவில்லை, நல்ல சேதி என்றால் நாய்கூட ஓடிவந்து சொல்லும். மூன்றாம் நாள் ராத்திரி, பார்லர் மூடின பிறகு, தெருமுனையில் ஒரு ஸ்கூட்டியின் சத்தம் கேட்டது. அணையவில்லை. அப்படியானால் வேறு யாரோ என்று நான் எழுந்திருக்கவே இல்லை. சத்தம் நெருங்கி வந்தது. வாசலில் வந்து நின்று, ஹாரனை இரண்டு முறை அடித்தது.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது மைதிலி. பின்னால் செல்வம், மடியில் அவளுடைய துணிப் பையோடு. "மூணு!" என்றாள், எடுத்த எடுப்பில். "மூணே மூணு முடிதான் மிச்சம்னாங்கக்கா. அதை முடிச்சுட்டு வந்துடு, மாசியில தேதின்னாங்க. தோலைப் பார்த்துட்டு யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. எங்க ஊருல ஒரு அக்கான்னு சொன்னேன்."

களிம்பு வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றும் வெண்ணெயிலிருந்து எடுப்பதுபோல இழுபடாமல் வந்தன. வேர் செத்தால்தான் அப்படி வரும். கடைசி முடியை இடுக்கியில் தூக்கி விளக்கில் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த ரிசப்ஷன் குரலில் சொன்னாள், "எல்லா ரூமும் காலிங்க சார்."

வழியனுப்ப வாசலுக்கு வந்தபோதுதான், இத்தனை நாள் அவள் ஏன் தெருமுனையில் வண்டியை அணைத்தாள் என்று கேட்கத் தோன்றியது. தனக்காகத்தான் ஒளிந்து வருகிறாள் என்று நினைத்திருந்தேன். "உங்களுக்கு ஒரு பேச்சு வந்துடக்கூடாதுல்லக்கா" என்றாள் சாதாரணமாக. அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஜெய்னம்பு தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்கூட்டியையும் மைதிலியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒன்றரை வருசமா முனையிலேர்ந்து தள்ளிக்கிட்டே வந்துச்சே இந்தப் புள்ள, இன்னைக்குத்தான் வண்டியில பெட்ரோல் இருந்துச்சாக்கா?"

தெருவுக்கே தெரிந்த ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற ஒன்றரை வருடம் இரண்டு பேரை வண்டி தள்ள வைத்ததுதான் இந்தத் தொழிலில் நான் செய்த உருப்படியான சாதனை என்று எண்ணிக்கொண்டே, இடுக்கிகளைக் கழுவி, குக்கரில் அடுக்கி, அடுப்பைப் பற்றவைத்தேன்.