வெந்நீர்க் குளத்தில் எண்ணெய்

என் இடது முட்டியில் வலி இருப்பது உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றதைக் கேட்டுவிட்டு என்னை முழுப் பொய்யன் என்று நினைத்துவிடுவீர்கள். காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது வலிக்கும். படி ஏறினால் வலிக்கும். உட்கார்ந்து எழுந்தால் உள்ளே ஏதோ நறநறவென்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான். ஆனால் வீட்டில் யாராவது அலோர் ஸ்டார் என்று பேச்செடுத்தால் போதும், அந்த வலிக்கு எங்கிருந்துதான் உயிர் வருமோ தெரியாது.

பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசை வீட்டில் நான், என் மகன், மருமகள், மூன்றே பேர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மருமகளுக்கு வேலை அலோர் ஸ்டாரில். இருட்டு விலகுமுன் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினாள் என்றால் பொழுது சாயும்போதுதான் திரும்புவாள். இப்போது வயிற்றில் பிள்ளை வேறு. அவள் அம்மா வீடும் அந்த ஊரில்தான், மெர்கோங்கில் இருக்கிறது. பக்கத்துத் தெருவிலேயே ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார்கள். மகனுக்கும் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. என்னையும் கூட வரச் சொன்னார்கள். சம்பந்தி வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்ட எனக்கு மனமில்லை. அதற்காகத் தனியாக இருக்கலாம் என்றால் அதற்கும் பயம். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் முட்டி என்று சொன்னேன்.

"நீங்க போங்கப்பா. நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்வேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன். மகன் அதைப் பார்ப்பான். வீட்டுப் பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போய்விடும். இப்படியே சில மாதங்களைத் தள்ளிவிட்டேன்.

ஒருநாள் மருமகள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக என் எதிரில் உட்கார்ந்தாள். பாலிங் பக்கம் ஒரு பூங்காவில் வெந்நீர் ஊற்று இருக்கிறதாம். பூமிக்குள்ளிருந்து கொதிக்கக் கொதிக்க வருகிற நீரைத் தொட்டிகளில் ஆற வைத்து, கடைசியில் நீச்சல் குளம் மாதிரி கட்டிய பெரிய குளத்தில் விடுகிறார்களாம். அவள் ஆபீசில் ஒரு மலாய்க்காரப் பெண்ணின் அம்மா அங்கே போய்ப் போய்த்தான் கைத்தடியைத் தூக்கிப் போட்டாளாம்.

"சனிக்கிழம போவோம் மாமா. எங்கப்பா அம்மாவும் வர்றாங்க. முட்டிக்கு ரொம்ப நல்லதாம் லா" என்றாள்.

அப்பா அம்மாவும் வருகிறார்கள் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. சம்பந்தியம்மா அங்கே வைத்து வீட்டுப் பேச்சை எடுக்கப் போகிறார். சரி, வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க நான் குளத்தில் இறங்குவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு எந்தத் தாயும் வாயைத் திறக்க மாட்டாள். இவ்வளவு கேவலமாக யோசிக்கிற மண்டைக்கு அடுத்து வந்த யோசனைதான் எண்ணெய்.

போகிற நாளோ சனிக்கிழமை. ஆம்பிளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். போகிற இடத்திலோ வெந்நீர். இந்த இரண்டும் ஒன்றாக வாய்த்தால் எங்கள் ஆட்களின் புத்தி வேறு எந்தப் பக்கமும் போகாது. வீட்டு ஹீட்டரில் நூல் மாதிரி ஒழுகுகிற தண்ணீரில் எண்ணெய் போகவே போகாது என்பதால் எண்ணெய்க் குளியலையே விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அங்கே பூமியே அடுப்பு மூட்டி வைத்திருக்கிறது. வெறும் தலையோடு போய் உட்கார்ந்து வருவதா? நல்லெண்ணெயில் மிளகும் பூண்டும் போட்டுக் காய்ச்சி, ஒரு போத்தலில் ஊற்றி, சீயக்காய்ப் பொட்டலத்தோடு பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் முன்னமே வந்து, மரத்தடி மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். முதலில் குளித்துவிட்டு வருகிறேன் என்று உடை மாற்றும் அறைக்குப் போனேன். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சூடு பறக்கத் தேய்த்தேன். போத்தலில் மிச்சம் வைக்கவில்லை. உடம்பில் ஊற வேண்டும் என்று கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதன் மேலேயே பழைய டீ சட்டையையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். உடம்பை நனைத்துவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை நான். துண்டைக் கழற்றிவிட்டு ஷவருக்கு அடியில் நின்றேன். தண்ணீர் என் மேல் ஒட்டாமல் உருண்டு ஓடியது. சீயக்காயைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பிறகு என் நடிப்பு. ஒரு பக்கம் மகன், இன்னொரு பக்கம் சம்பந்தி. ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினேன். "பாத்துண்ணே, மெதுவா எறங்குங்க" என்று சம்பந்தியம்மா கரையிலிருந்து சொன்னார். அவர் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி.

இறங்கி உட்கார்ந்த முதல் சில நிமிடங்கள் சொர்க்கம்தான். கழுத்து வரை இதமான சூடு. குளத்தில் ஒரு மலாய்க் குடும்பம், சில சீனக் கிழவர்கள். மருமகள் வயிற்றுப் பிள்ளைக்குச் சூடு ஆகாது என்று தண்ணீர்ப் பக்கமே வராமல், என் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பக்கத்துப் படியில் ஒரு மலாய்க்காரரை அவர் மனைவியும் மகளும் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். பக்கவாதம். என் வயதுதான் இருக்கும். ஒரு கையும் ஒரு காலும் அவருடையவை இல்லை என்பது போலத் தொங்கின. தண்ணீருக்குள் உட்கார்த்தி வைத்ததும் அந்த அம்மாள் அவர் கையை எடுத்து ஒவ்வொரு விரலாக நீவிவிட ஆரம்பித்தார். கூலிமிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்தோம் என்று என்னிடம் சொன்னார். நாற்காலியில் இருந்தவர் என்னைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார்.

முதலில் வாசனைதான் வந்தது. யாரோ சாப்பாட்டைக் குளத்தில் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து எரிச்சலோடு திரும்பிப் பார்த்தேன். ஒரு சீனக் கிழவர் தன் கையைத் தேய்த்துப் பார்த்து, முகர்ந்து பார்த்துவிட்டுக் கரையேறினார். மலாய்க் குடும்பத்துப் பெண் நனைந்த சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். பளபளவென்று இருந்தது. தண்ணீர் மேல் வண்ண வண்ணமாக வட்டங்கள். அந்த வட்டங்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று என் கண் பின்னோக்கிப் போய், என் நெஞ்சில் வந்து முட்டி நின்றது. பூண்டு, மிளகு, என் அடுப்பு.

காவலாளி விசில் ஊதினார். எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். குளத்தை வடித்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டுமாம். ஊற்று மெதுவாகத்தான் வருமாம், சாயங்காலம் ஆகிவிடும் என்றார். பிறகு கரையில் சொட்டச் சொட்ட நின்ற எங்களைப் பார்த்து, யார் எண்ணெயோடு இறங்கியது என்று மலாயில் கேட்டார். கேட்கவே வேண்டியதில்லை. என் நெற்றியிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன்.

"சாயா, பாங்" என்று ஒரு குரல் கேட்டது. நான்தான் அண்ணா என்று சொன்னது என் மருமகள்.

மாமனாருக்கு முட்டி வலி, அதனால் நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன், இங்கே கூடாது என்று எனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று நல்ல மலாயில், அடக்கமாகச் சொன்னாள். அந்த மனிதர் அவள் வயிற்றைப் பார்த்தார், குரலைத் தணித்துக்கொண்டார். ஆனால் அவளைப் பெற்றவர் தணியவில்லை.

"எண்ணெய் தேச்சு விட்டா அலசாம தண்ணில எறக்குவாங்களா? இதுகூடத் தெரியாதா ஒனக்கு? கல்யாணம் பண்ணிப் போயி இதான் கத்துக்கிட்டியா? இத்தன பேரு முன்னாடி எங்க மானத்த வாங்குறியே" என்றார் சம்பந்தியம்மா.

அவள் தலையைக் குனிந்து நின்றாள். என் துண்டு அவள் கையில் இருந்தது. என் மகன் என்னைப் பார்த்தான். நான் குளத்தைப் பார்த்தேன். எண்ணெய் மிதந்த சங்கதியை நாளைக்கு யாரிடமாவது சொல்லிச் சிரித்துவிடலாம். ஒரு பிள்ளைத்தாய்ச்சி எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்க, நான் வாயை மூடிக்கொண்டு நின்றதைச் சொல்லி யாரிடம் சிரிப்பது?

அப்போதுதான் அந்தக் கூலிம்காரரைத் தூக்க ஆரம்பித்தார்கள். எண்ணெய் பட்ட படி வழுக்கியது. மகளுக்குக் கால் சறுக்கி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் நல்ல கையால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்லை, அடுத்த வாரம் வருவோம்" என்று அந்த அம்மாள் மலாயில் அவர் காதருகே சொன்னார். அதற்குள் நான் படியில் இறங்கியிருந்தேன். எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. நாற்காலியின் ஒரு காலை நான் பிடிக்க, மகன் ஓடி வந்து இன்னொன்றைப் பிடிக்க, தூக்கி மேலே ஏற்றினோம். அங்கிருந்து கார் நிறுத்துமிடம் வரைக்கும் சரளைக் கல் பாதை. அதிலும் வெறுங்காலோடு, நில்லாமல் தூக்கிக்கொண்டு போய் வேனுக்குள் உட்கார வைத்தோம்.

அந்த அம்மாள் என் கையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். யாருடைய எண்ணெய் என்று அப்போது புரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். "தெரிமா காசே, பாக்சிக்" என்று நன்றி சொல்லிவிட்டு, கணவரின் காலை உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்தினார். வேன் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால், சம்பந்தி, சம்பந்தியம்மா, மருமகள் மூன்று பேரும் மரத்தடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நடையைத்தான் பார்த்தார்கள். இனி நொண்டினால் அதைவிடக் கேவலம் வேறில்லை. நேராக நடந்து போய் சம்பந்தியம்மா முன்னால் நின்றேன்.

"எண்ணெய நானாத்தான்மா தேச்சுக்கிட்டேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. என்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொல்லுச்சு" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு பொட்டலங்களைப் பைக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தார். சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, காரில் ஏதோ எடுக்க வேண்டும் என்று நகர்ந்துவிட்டார். நான் மருமகளிடம் திரும்பினேன்.

"அந்த மெர்கோங் வீட்ட எடுத்துக்குங்கம்மா. என் முட்டி நான் சொன்ன அளவுக்கு மோசமில்ல."

"தெரியும் மாமா" என்றாள்.

"இப்பப் பாத்துட்டுச் சொல்றியா?"

"இல்ல மாமா. தெனம் காலையில நான் காடிய எடுக்கறதுக்குள்ள நீங்க ஓடி வந்து கேட்டத் தொறந்து விடுறீங்கல்ல? காடி ரோட்டுக்கு எறங்குற வரைக்கும் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாப்பீங்க. கண்ணாடியில தெரியும். அப்பல்லாம் நீங்க நொண்டினதே இல்ல."

எத்தனை மாதமாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அத்தனை மாதமும் அந்த வயிற்றோடு போக வர காரோட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

அவள் துண்டை உதறி என்னிடம் நீட்டினாள்.

"சொன்னா நீங்க கேட்டத் தொறக்க வரமாட்டீங்க மாமா" என்றாள்.