மில் தெருவில் பரங்கிக்காய் வேலி

மாவிஸ் டெக்கர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தவர்களிடம் அவள் முடி வெட்டுகிறவள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கத்தரியைப் பிடித்தால் அத்தனை நிதானம். ஸ்டீரிங்கைப் பிடித்தால் நேர் எதிர். மிச்சிகன் ஏரிக்கரையில் கெல்ப்ரூக் எவ்வளவு பெரிய ஊர்? ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். அந்த ஊரில் அவளுக்கு அப்படி என்ன அவசரம் என்று யாருக்கும் விளங்கியதில்லை. அவளுடைய சிவப்பு பிக்கப் வண்டியின் சத்தம் கேட்டாலே தெருநடுவில் நிற்கிற நாய்கள் தாமாகப் புல்வெளிக்குத் திரும்பிவிடும். சைக்கிள்காரர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. கண்ணாடியை இறக்கி, "நடைபாதையில போய்த் தொலைங்க" என்று கத்திவிட்டுத்தான் தாண்டுவாள்.

மூன்றாவது தடவை வேகத்துக்காகப் பிடிபட்டபோது நீதிபதி முன்னால் போய் நின்றாள்.

"என்ன அவசரம்?" என்று கேட்டார் அவர்.

"ஒரு அம்மா தலையில சாயம் ஊறிட்டு இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா பச்சையா மாறிடும்."

"சாயம் ஊறும்போது நீங்க ஏன் கடையில இல்ல?"

மாவிஸுக்குப் பொய் சொல்ல வராது. "டோனட் வாங்கப் போயிருந்தேன்" என்றாள்.

ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் போயிற்று.

அவள் புருஷன் லயலுக்கு ஊறுகாய்த் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிஃப்ட். அவன் கிளம்புகிற நேரத்துக்கு மாவிஸ் கண் விழித்ததாகச் சரித்திரமே இல்லை. ஊரில் பஸ்ஸும் கிடையாது.

"அப்ப நான் கடைக்கு எப்படிப் போறது?"

"பையனோட சைக்கிள் கராஜில தொங்குதே."

"கிண்டலா பண்றே?"

"இல்ல. காத்து அடிச்சு வச்சிருக்கேன்" என்றான் லயல். தொழிற்சாலையில் வெள்ளரிக்காய் பொறுக்குகிறபோதும் அவன் முகம் அப்படித்தான் இருக்கும். சிரிக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

அவள் வீட்டிலிருந்து கடைக்கு ஒரே வழி மில் தெரு. ஆற்றுப் பாலத்தில் ஏறி, அங்கிருந்து சரிவாக இறங்கி, ஊர் நடுவே நாலு தடமாக விரிந்து போகும். முதல் நாள் மாவிஸ் ஓரத்துச் சாக்கடை மூடிகளை ஒட்டியே மிதித்தாள். முதுகு வேர்க்க, பாலம் வரைக்கும் வந்துவிட்டாள். பாலத்தின் மேல் ஒரு லாரி அவள் முழங்கையை உரசுகிற மாதிரி வந்தது. நீளமாக ஹாரன் அடித்தது. கண்ணாடி இறங்கியது. "நடைபாதையில போய்த் தொலை" என்று ஒரு குரல் கேட்டது.

மாவிஸ் சைக்கிளை நிறுத்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தைக்கு வார்த்தை அவளுடைய வசனம். எத்தனை பேர் இந்த இடத்தில் இப்படி நெஞ்சு படபடக்க நின்றிருப்பார்கள் என்று நினைத்தபோது காது சூடாகியது. அடுத்த நொடி, போகிற லாரியின் பின் கண்ணாடி வழியாக அந்த ஆளின் பின்னந்தலை தெரிந்தது. மேசை நாற்காலிக் கடை வைத்திருக்கிற ராய் ஹெம்ஸ்ட்ரா. சந்தேகமே இல்லை. அந்தப் பின்னந்தலையை வெட்டியவள் அவள்தான்.

வியாழக்கிழமை ராய் வழக்கம்போல வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மாவிஸ் துணியைப் போர்த்தி, கழுத்தில் கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினாள்.

"திங்கட்கிழமை பாலத்து மேல ஒரு பொம்பளையைப் பாத்துக் கத்தினியா ராய்?"

"யாரோ ஒரு பைத்தியம் சைக்கிள்ல நடு ரோட்டுல…"

"நடு ரோடு இல்ல. ஓரம். நான்தான் அது."

கண்ணாடியில் ராயின் முகம் வெளுத்தது. கத்தரி அவன் காதோரம் கிச் கிச் என்று காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

"மாவிஸ், நீன்னு தெரிஞ்சிருந்தா நான்…"

"நான் இல்லாம வேற யாராவது இருந்தா உரசலாமா?"

ராய் வழக்கத்தைவிடக் குட்டையாக வெட்டுப்பட்டு, எழுந்து போனான்.

பயம் ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு நடந்ததை மாவிஸ் யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டாள். பாலத்துச் சரிவில் இறங்கும்போது கால் இரண்டையும் அகட்டி நீட்டிக்கொண்டாள். ஆற்றுக் காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிக்கப்பில் எழுபது மைல் வேகத்தில் போனபோதுகூட இப்படி வயிறு குளுகுளுத்ததில்லை. இங்கே இருபதைத் தொடுவதற்குள் தொண்டையிலிருந்து தானாக ஒரு சத்தம் கிளம்பியது. கீழே பேக்கரி வாசலில் நின்றவர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில், இன்னொரு தடவை இறங்குவதற்காகவே பாலத்தில் திரும்ப ஏறினாள். லயல் இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து காத்திருந்து உருளைக்கிழங்கைத் தனியாகத் தின்று முடித்தான்.

மெதுவாகப் போகிறவளுக்குத்தான் ஊர் கண்ணில் படும். அவள் கடைக்கு நேர் எதிரே வயதானவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி. அங்கே இருக்கிற இமோஜென் டட்டில் வாரந்தோறும் தலை அலசிக்கொள்ள வருவாள். ஊன்றி நடக்கிற நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, முதியோர் வேனில் ஏறி வந்து இறங்குவாள். தூரத்திலிருந்து வருகிறாள் என்றுதான் மாவிஸ் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது சைக்கிளைப் பூட்டும்போது பார்த்தாள். வேன் எதிர்வாசலில் அவளை ஏற்றியது. சிக்னல் விளக்கு வரை போய், திரும்பி வந்து, இந்தப் பக்கம் இறக்கியது.

"ரோட்டைத் தாண்டவா வேன்?"

"சிக்னல்ல நடந்து தாண்டிப் பாத்தேன்டி. பாதியில பச்சை முடிஞ்சு போச்சு. ரெண்டு பக்கமும் வண்டி பறக்குது, நான் நடுவில கொடிக்கம்பம் மாதிரி நிக்கறேன். அதோட விட்டுட்டேன்" என்றாள் இமோஜென்.

மாவிஸின் அடுத்த வாடிக்கையாளர் ஏமஸ் ஸ்விட்டெக். நகராட்சியின் பொறியாளர். பள்ளியில் அவளுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் சடையைப் பிடித்து இழுத்தவன். இப்போது அவள் அவன் முடியைப் பிடித்திருந்தாள்.

"மில் தெருவுக்கு ஒண்ணும் பண்ணமாட்டியாடா?"

"மூணு வருஷமா திட்டம் தயாரா இருக்கு மாவிஸ். நாலு தடத்தை ரெண்டாக்கி, நடுவில வண்டி திரும்பறதுக்கு ஒரு தடம். ரெண்டு ஓரத்துலயும் சைக்கிளுக்கு இடம். உன் கடை வாசல்ல நடக்கறவங்க நின்னு மூச்சு வாங்க ஒரு நடுத்திட்டு. கவுன்சில்ல எடுத்தாலே பயப்படறாங்க."

"யாருக்குப் பயம்?"

"ராய்க்கு. அவன் மாதிரி கத்தறவங்களுக்கு."

"தலைய ஆட்டாதே, காது போயிடும். கவுன்சில்ல எத்தனை பேர் என்கிட்ட முடி வெட்டிக்கறாங்க?"

ஏமஸ் யோசித்தான். "வழுக்கையைத் தவிர எல்லாரும்."

அந்தக் கோடையில் கெல்ப்ரூக் கவுன்சிலர்கள் முடி வெட்டிக்கொள்ளப் போனால் நேரம் ஆனது. மாவிஸ் யாரையும் மிரட்டவில்லை. பாதி வெட்டினதும் கத்தரியை வைத்துவிட்டு, "வாங்க, ஒரு நிமிஷம் இந்த ரோட்டைத் தாண்டிட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போவாள். கழுத்தில் துணி, ஒரு பக்கம் வெட்டின தலை, அந்தக் கோலத்தில் கவுன்சிலர்கள் நடுரோட்டில் நின்று வண்டிகளைப் பார்த்து விழிப்பார்கள். மேயர் ஜெனீவா போஸ்ட் தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு ஓடி வந்து நாற்காலியில் விழுந்து, "சரி, புரியுது" என்றாள்.

இலையுதிர் காலத்தில் வெள்ளோட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. கான்கிரீட் வேலை கிடையாது, பெயிண்டும் கம்பங்களும் மட்டும். நவம்பர் கடைசிக் கூட்டத்தில் வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று ஓட்டு. கோடு போட்டாயிற்று. கோட்டின் மேல் நட வேண்டிய பிளாஸ்டிக் கம்பங்கள் மட்டும் வரவில்லை. வசந்தத்தில்தான் வரும் என்று தகவல் வந்தது. வெறும் கோட்டை யார் மதிக்கிறார்கள்? வண்டிகள் அதன்மேல் சொகுசாகப் போயின. ராயின் சரக்கு லாரி தினமும் சைக்கிள் தடத்தில் நின்று சோபா இறக்கியது.

"இப்படியே போனா அழிச்சிடுவாங்க" என்றான் ஏமஸ், முகம் தொங்க.

வாசல்தோறும் பரங்கிக்காய் வைக்கிற ஹாலோவீன் பண்டிகைக்கு மறுநாள் மாவிஸ் தன் தங்கை ரோவீனா வீட்டுக்குப் போயிருந்தாள். ரோவீனாவின் புருஷனுக்குப் பரங்கித் தோட்டம். சீசன் முடிந்துவிட்டது. வயல் முழுக்க விற்காத பரங்கிக்காய், பன்றிகளுக்குப் போகக் காத்துக் கிடந்தது. மாவிஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே ரோவீனா சுட்ட பை பலகாரத்தைச் சாப்பிட்டாள். பாதியில் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏய், உன் டிரெய்லர் ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கு?"

"எதுக்குடி கேக்கறே?" என்றாள் ரோவீனா. அக்காளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் இன்னும் தெரியாது, ஆனாலும் சிரித்தாள்.

ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில் இருந்தபோது இரண்டு பேரும் லயலும் சேர்ந்து மில் தெருவில் இறங்கினார்கள். ஒருத்தி டிரெய்லரிலிருந்து உருட்டிவிட, ஒருத்தன் பிடிக்க, ஒருத்தி கோட்டின்மேல் வரிசையாக வைத்தாள். கடை வாசலில், நடுத்திட்டு வரவேண்டிய இடத்துக்கு, சந்தையில் பரிசு வாங்கின ராட்சதப் பரங்கி. கன்றுக்குட்டி கனம். அதைப் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒருத்தர் வீட்டுக்குப் போய் வாசலில் கிடந்த, கண் மூக்கு வெட்டின ஹாலோவீன் பரங்கியை எடுத்து வந்து வரிசையில் சேர்த்தார். அவ்வளவுதான், பின்னாலேயே ஊரும் கிளம்பியது. நல்ல கோட்டும் பளபளக்கும் ஷூவுமாகப் பெரியவர்கள் பரங்கிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் பாலத்திலிருந்து பேக்கரி வரைக்கும் ஆரஞ்சு வேலி.

ஏமஸ் காபியும் கையுமாக வந்து நின்றான். வேலியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தான்.

"விதிப்புத்தகத்துல பரங்கிக்காயைப் பத்தி எதுவும் இல்ல."

"அப்ப கூடாதுன்னும் இல்லதானே?"

"இல்ல" என்றான் ஏமஸ். காபியைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு பரங்கியைக் காலால் லேசாக நகர்த்தினான். "இது கொஞ்சம் உள்ள தள்ளியிருக்கு."

வெறும் கோட்டை மதிக்காதவர்கள் பரங்கிக்காயை மதித்தார்கள். ஏறினால் வெடித்து, விதையும் சோறும் பம்பரெல்லாம் அப்பிக்கொள்ளும். அதற்குப் பயந்தே வண்டிகள் ஊர்ந்தன. பக்கத்து ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து இன்னும் மெதுவாகப் போனார்கள். குழந்தைகள் சைக்கிளில் வந்து ஒவ்வொரு பரங்கிக்கும் பேர் வைத்தார்கள். விடிகாலையில் மான்கள் இறங்கி வேலியைத் தின்றன. ரோவீனா வந்து புதிதாக அடுக்கினாள். இமோஜென் டட்டில் நடைச்சட்டத்தோடு பாதி தாண்டி, ராட்சதப் பரங்கிமேல் கையை ஊன்றி மூச்சு வாங்கி, மீதியையும் தாண்டி, தலை அலசிக்கொள்ள நடந்தே வந்தாள். அன்று மாவிஸ் அவளிடம் காசு வாங்கவில்லை.

கவுன்சில் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. ராய் எழுந்து, "என் லாரி அந்தக் கருமத்துமேல ஏறி வழுக்கிடுச்சு. புது சோபா ரெண்டு வீணாப் போச்சு" என்றான்.

மேயர் ஜெனீவா கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினாள். "வேலி கோட்டுமேல இருந்தது. உங்க லாரி எங்க இருந்தது ராய்?"

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் விட்டார். கூட்டம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. கடைசியில் ராயே தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். திட்டம் தேறியது. வழுக்கைத் தலைக் கவுன்சிலர் ஒருவர் மட்டும் எதிர்த்தார்.

வசந்தத்தில் கம்பங்கள் வந்தன. கடை வாசலில் கான்கிரீட்டில் நடுத்திட்டு எழுந்தது. மாவிஸின் லைசென்ஸும் கோடையில் திரும்ப வந்தது. லயலை மீன்பிடிக்கக் கூட்டிப் போக மட்டும் பிக்கப்பை எடுக்கிறாள்.

புதுத் தடம் முழுசாகத் திறந்த வாரம், அவள் ஏமஸைத் தேடி நகராட்சிக்குப் போனாள்.

"எல்லாரும் ஓட்டியாச்சு. உன்னை மட்டும் ஒரு நாளும் காணோமே, வா."

ஏமஸ் கதவைச் சாத்தினான். "யார்கிட்டயும் சொல்லாதே. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

மாவிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அவனும் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது.

"எழுந்திருடா" என்றாள்.

பள்ளி மைதானத்தில் நாலு சாயங்காலம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். முழங்கால் இரண்டும் உரிந்து, ஒரு செடியை முறித்து, ஐந்தாம் நாள் ஏமஸ் பாலத்து உச்சியில் சைக்கிளோடு நின்றான். கீழே அவன் வரைந்த தெரு நீளமாகக் கிடந்தது.

"பிரேக் எங்க இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதைத் தொடாதே" என்றாள் மாவிஸ்.

ஏமஸ் உந்தினான். முதலில் ஆடியது, நேரானது, வேகம் பிடித்தது. டை தோளுக்குப் பின்னால் பறந்தது. பாதிச் சரிவில் அவன் கால் இரண்டும் தாமாக அகன்று நீண்டதைப் பார்த்து, மாவிஸ் தன் சைக்கிளில் தாவி ஏறிப் பின்னாலேயே இறங்கினாள்.