பக்கத்து நாற்காலிக்காரி

பஞ்சுவுக்கு வீட்டில் ஒரு குரல், வேலையில் ஒரு குரல். இதில் என்ன அதிசயம், மேலதிகாரியைக் கண்டால் யாருக்குத்தான் குரல் மாறாது என்று கேட்கலாம். இவளுக்கு மாறுகிற மாதிரி மாறாது. வீட்டில் அவள் வாயைத் திறந்தால் மாடிப்படி ஏறுகிற ஆள் இரண்டு படி இறங்கி நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பார். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், நாளெல்லாம் இரும்புச் சத்தத்திலேயே கிடக்கிற மனிதர். அவரே, “கொஞ்சம் மெதுவாத்தான் பேசேன், காது கிழியுது” என்பார். அதே பெண் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, “வணக்கம், சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றால் கல்லும் கரைந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடும். பஞ்சு என்ற பெயரே வேலை இடத்தில் வைத்ததுதான். கல்லூரியில் படிக்கிற மகளுக்கு இதில் தீராத ஆத்திரம்.

“ஊருக்கெல்லாம் பஞ்சு. எங்களுக்கு மட்டும் உப்புத்தாளாம்மா?”

வேலை இடம் என்றால், இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறவர்கள் கூப்பிட்டுப் பேசுகிற உதவித் தொலைபேசி நிலையம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. நான்கு நாற்காலி, நடுவே மார்பளவுக்குத் துணி ஒட்டிய தடுப்புகள். சுவர்க் கடிகாரம்கூட முள் சத்தம் போடாத வகை. கூப்பிடுகிறவர் காதில் நேரம் ஓடுகிற சத்தம் விழக்கூடாதாம்.

பஞ்சு அதற்குமுன் ஒரு துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவில் இருந்தாள். யாரோ செய்த இயந்திரம் யாருடைய சட்டையையோ கிழித்ததற்கு இவள் தாயையும் தகப்பனையும் சேர்த்துத் திட்டு வாங்கியவள். அங்கே பழகியதுதான் அந்த மெத்தென்ற குரல். இங்கே வந்தபோது பயிற்சி கொடுத்தார்கள்: புத்தி சொல்லாதே, அவசரப்படுத்தாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. மூன்றையும் வீட்டில் நாள் தவறாமல் செய்துகொண்டு, இங்கே ஒருநாளும் செய்யாமல் இருந்தாள். கீழ்வீட்டுக்காரி, “எத்தனை உயிரைக் காப்பாத்தியிருப்பீங்க!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டால், “அட, நான் என்னங்க செஞ்சேன், கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்” என்பாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். குளிரட்டும், அதில் தப்பில்லை. கஷ்டமான வேலைதான் அது.

வழக்கமாகக் கூப்பிடுகிறவர்களுக்கு அங்கே பட்டப்பெயர் உண்டு, பாதி பிரியத்தில், பாதி குறும்பில். ‘முதல்லேர்ந்து அக்கா’ அப்படி ஒருத்தி. “முதல்லேர்ந்து சொன்னாத்தாம்மா உனக்குப் புரியும்” என்றுதான் தொடங்குவாள். ஒரே மகன். படிப்பை விடப்போகிறேன் என்று வந்து நின்றான். துணி அலசிக்கொண்டிருந்தவள், “உன்னை எதுக்குடா பெத்தேன்” என்று ஒரு வார்த்தை விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். உயிரோடு இருக்கிறானா என்றுகூட இன்றுவரை தெரியாது. புருஷனும் போய்ச் சேர்ந்தார். அக்கா கதையை ஒவ்வொரு முறையும் அந்தக் காலைநேரத்திலிருந்து தொடங்குவாள், எந்த இடத்தில் வேறு மாதிரி பேசியிருக்கலாம் என்று தேடுகிற மாதிரி. முடிக்கும்போது, “சரிம்மா, இன்னைக்குப் படுத்துத் தூங்கிடுவேன், பயப்படாதே” என்பாள். அதைச் சொல்லாமல் அவள் ஒருநாளும் போனை வைத்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவ்வளவு நேரமும் கேட்பது.

அந்த வாரம் புதுப் பெட்டிகள் வந்திருந்தன. பழைய பெட்டியில் பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. இருமவோ, பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்கவோ அதைத்தான் அமுக்குவார்கள். புதுப் பெட்டியைச் செய்த புண்ணியவான் அதைத் தலைகீழாக்கி வைத்திருந்தான். சிவப்பு எரிந்தால் கேட்கும், அணைந்தால் கேட்காது. எல்லோருக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள். பஞ்சுவும் தலையை ஆட்டினாள்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அக்கா, “முதல்லேர்ந்து சொல்றேன்” என்றாள். பக்கத்து நாற்காலியில் டிரில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று இந்த வேலைக்கு வந்தவர், மைதானத்துக்கென்றே செய்த தொண்டை. யாரு என்று புருவத்தைத் தூக்கினார். பஞ்சு சிவப்பைப் பார்த்தாள். எரிந்தது. பழைய பழக்கம், பேசலாம் என்று நினைத்துக்கொண்டாள். அன்று காலை வீட்டில் மகளோடு சண்டை, தலைவலி வேறு. வீட்டுக் குரல் அப்படியே வந்தது.

“வேற யாரு, முதல்லேர்ந்துதான். அந்தப் பையன் ஓடினதே இந்த வாய்க்குத்தான். நானா இருந்தா பத்து வயசுலயே ஓடியிருப்பேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை. பஞ்சுவின் பெட்டியை விரலால் காட்டினார்.

புதுப் பெட்டியில் சிவப்பு எரிந்தால் கேட்கும் என்பது பஞ்சுவுக்கு அப்போதுதான் உறைத்தது.  அக்கா மெல்லக் கேட்டாள், “அது யாரும்மா? உன் பக்கத்துல உக்காந்திருக்கறவளா?”

பாருங்கள், அக்காவுக்கு அது பஞ்சு என்றே படவில்லை. அவளுக்குத் தெரிந்த குரல் வேறு. யாரோ பின்னாலிருந்து பேசினதாக நினைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு இல்லை, நான்தான் என்று இரண்டு சொல் போதும். பஞ்சு பஞ்சுக் குரலில் சொன்னாள்:

“ஆமாங்க அக்கா. பக்கத்துல இருக்கறவங்க. அவங்க வேற யாரையோ…”

“இல்லம்மா. சரியாத்தான் சொல்றா” என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள். தூங்கிடுவேன் என்று சொல்லவில்லை.

டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தன் தலையில் பழி விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “மேடத்துகிட்ட உடனே போய்ச் சொல்லு. நம்பர் வாங்கச் சொல்லு” என்றார்.

அங்கே கூப்பிடுகிறவர் எண் திரையில் தெரியாது. நாமாகத் திருப்பிக் கூப்பிடவும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் நிலையத்துக்குப் பொறுப்பான மேடத்திடம் சொல்ல வேண்டும், அவர் தொலைபேசிக் கம்பெனியில் கேட்டு எண் வாங்குவார். என்ன நடந்தது என்று மேடம் கேட்பார் அல்லவா? பஞ்சு அவர் அறை வாசல் வரை போனாள். கதவு திறந்துதான் இருந்தது. மேடம் நிமிர்ந்து பார்த்து, “என்ன பஞ்சு?” என்றார். அவர் முகத்தில் இருந்த பிரியத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல மேடம். ஏசி தண்ணி சொட்டுது.”

திரும்பி வந்து, “சொல்லிட்டேன் டீச்சர். பாத்துக்கறேன்னாங்க” என்றாள்.

இதை நான் மழுப்பப் போவதில்லை. முதலில் வந்தது வாய்க்கொழுப்பு, அது யாருக்கும் வரும். இரண்டாவதாகச் சொன்ன பொய் பயத்தில் வந்தது, அதையும் ஒருமாதிரி மன்னிக்கலாம். இந்த மூன்றாவது வேறு. ஒரு மனுஷி சாகக்கூடும் என்று தெரிந்து, தன் பெயர் கெடக்கூடாது என்று அவளை அப்படியே விட்டுவிட்டு ஏசியைப் பற்றிப் பேசினாள். பஞ்சுவுக்கும் அது தெரியும். அன்றிரவு கணவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, “என்ன, இன்னைக்குச் சத்தத்தையே காணோம், உடம்பு சரியில்லையா?” என்றார். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் அக்கா கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. பஞ்சு தினமும் பேப்பரில் சாவுச் செய்திகளை விரல் வைத்துப் படித்தாள். தனியாக இருந்த பெண் என்று எங்காவது கண்ணில் பட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பழகினாள். ‘அக்கா, சொன்னது நான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.’ அழகாகத்தான் வந்தது. கீழ்வீட்டுக்காரி வாசலில் நிறுத்தி வழக்கம்போலப் புகழ்ந்தபோது மட்டும், கூசிப்போய் செருப்பை மாட்டாமலே இறங்கிவிட்டாள். மேடத்தின் கதவு தினமும் திறந்தே இருந்தது. தினமும் அதைத் தாண்டிப் போனாள்.

அக்கா ஒருநாள் கூப்பிட்டாள். மதியம்தான். விழுந்தது டீச்சருடைய பெட்டியில்.

“சொல்லுங்க அக்கா” என்ற டீச்சர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். “ஆமா. பக்கத்து நாற்காலிதான்” என்றார். பிறகு தடுப்புக்கு மேலாகப் பஞ்சுவைப் பார்த்தார். இதோ இப்போது சொல்லிவிடப் போகிறார் என்று பஞ்சு நினைத்தாள். சொல்லித் தொலைக்கட்டும், ஒரேயடியாக முடிந்துபோகும் என்றும் நினைத்தாள்.

“ஆமாக்கா, நான்தான்” என்றார் டீச்சர். “வாய்க்கொழுப்பு. உங்க பையன் ஏன் போனான்னு எனக்கென்ன தெரியும்? தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். தப்பு. என்னை மன்னிச்சிடுங்க.”

மைதானத்துத் தொண்டை, அடக்கிப் பேசியும் அறை முழுக்கக் கேட்டது. பஞ்சு குளியலறையில் பழகிய வார்த்தைகள்தான், சொன்னது வேறு ஆள். டீச்சர் பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்ததை உற்றுப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

“இன்னைக்கு முடிச்சுக்கலாம்னு இருந்திருக்காங்க. உன்னை நம்பறாங்க, அதையும் நான் பிடுங்க முடியாது. பேசு” என்று தொடர்பை மாற்றிக் கொடுத்தார்.

“நீதானாம்மா?” அக்காவின் குரல் கரகரத்தது. “அவ சொன்னதையே நினைச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். சோறு எறங்கல. போறதுதான் போறோம், அதுக்கு முன்னாடி அவளை நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டுப் போகலாம்னு கூப்பிட்டேன். பாத்தா அவளே எடுத்தா. ஒரு சாக்குப்போக்கு சொல்லணுமே! நான்தான்னு ஒத்துக்கிட்டாம்மா. தப்பைத் தப்புன்னு சொல்ல எத்தனை பேரால முடியும், சொல்லு?”

 “அக்கா, அது அவங்க இல்ல. நான்தான் சொன்னேன்.”

அக்கா சிரித்தாள். இத்தனை காலத்தில் அவள் சிரித்து பஞ்சு கேட்டதில்லை.

“போம்மா. உன் குரல் எனக்குத் தெரியாதா? அவளுக்காக நீ பழி ஏத்துக்கறே. உன் மனசு யாருக்கு வரும்!”

வீட்டுக் குரலில் ஒரே ஒரு வாக்கியம் போதும், அக்காவுக்கு விளங்கிவிடும். பஞ்சு வாயைத் திறக்கவும் திறந்தாள். சொன்னால் போனை வைத்துவிடுவாளே, வைத்தால் என்ன செய்துகொள்வாளோ என்று ஓர் எண்ணம் வந்தது. நியாயமான எண்ணம்தான். ஆனால் அது வந்ததும் தன் நெஞ்சு லேசானதை அவள் கவனித்தாள். கவனித்த பிறகு தன்னைத்தானே பார்க்கப் பிடிக்கவில்லை.

“சாப்பிடுங்க அக்கா முதல்ல” என்றாள், அதே பஞ்சுக் குரலில்.

“சாப்பிடறேன். சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிடுவேன், பயப்படாதே. ஆனா ஒண்ணு. அவளை நீங்க யாரும் திட்டக்கூடாது. நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிடு. இப்பவே சொல்லு, என் காதுல விழணும்.”

பஞ்சு தடுப்பின் பக்கம் திரும்பினாள். டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர்… அக்கா உங்களை மன்னிச்சிட்டாங்களாம்.”

டீச்சர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். பஞ்சுவைப் பார்க்கவில்லை.

“ரொம்ப நன்றின்னு சொல்லு” என்றார்.

“ரொம்ப நன்றியாம் அக்கா” என்றாள் பஞ்சு.