கீரப்பாளையத்தில் பாடிய பெயர்

கீரப்பாளையத்தில் காலை டீக்கு எங்கள் நாட்டுப்புறப் பாட்டுக் குழுவின் வேன் நிற்கிறது. வரவேற்புப் பாட்டில் ஊர்க்காரர்களின் பெயர்களைக் கோத்து வாழ்த்துவது எங்கள் வழக்கம். குழுவில் கல்லூரிக்குப் போனவன் நான் மட்டும்தான் என்பதால் பெயர் விசாரித்து எழுதுவது என் பொறுப்பு. நேற்று இதே ஊர்ப் பந்தலில் சோம்பல்பட்டு, போன வருஷத்து நோட்டைப் பார்த்தே பாடிவிட்டேன்.

“பட்டதாரிக்கு சக்கர ஜாஸ்தியா போடுக்கா. நேத்து வாழ்த்துப் பாடுனவன் இவன்தான்” என்கிறான் தவில்கார செல்வம்.

டீக்கடை அக்கா என்னைப் பார்க்கிறார். “கலியமூர்த்தி நூறு வருசம் வாழணும்னு பாடுனியே தம்பி, அது எங்க வூட்டுக்காரரு. தை மாசமே தவறிப் பூட்டாரு.”

“மன்னிச்சிடுங்கக்கா. விசாரிக்காம பாடிட்டேன்.”

“எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. மைக்குல பேரக் கேட்டதும் என் சின்னப் பொண்ணுதான், அப்பா வந்துட்டாருன்னு பந்தலுக்கு ஓடுனா.”