ரோகிணிக்குப் பயந்த மாமன்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. நான்கு பெண்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். ஐந்தில் ஒன்று ஆண். அவன் வட்டவடையில் ஜீப் ஓட்டுகிறான். பூண்டுக் காட்டை ஒட்டிக் கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்கு, இருட்டியதும் வானத்தைக் காட்டுவதும் அவன் தொழில்தான்.

என் கடைசி மகளுக்குப் பெண் பிறந்தது. ரோகிணி நட்சத்திரம். ரோகிணியில் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பயம் என் மகனுக்கு. ஜீப் டயர் பஞ்சரானால் ரோகிணி. பூண்டு அழுகினால் ரோகிணி. லாட்டரி விழாததற்கும் ரோகிணி. அதற்கு முன்னால் வாராவாரம் விழுந்துகொண்டிருந்தது பாருங்கள்!

தை மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், மாமனைக் காணோம். அவசரமாக ஒரு ட்ரிப் என்று போன் வந்தது. வேறு மடியில் வைத்துக் குத்தினால், மாமனுக்கே ஆகாதவள் என்று ஊர் அவளை ஆயுசுக்கும் சொல்லும். மகள் அழுதாள். நல்ல நேரம் போய்விட்டதே என்று சொந்தக்காரர்கள் அங்கலாய்த்தார்கள். மாமனே போய்விட்டான், நேரம் போனால் என்ன?

பொழுது சாய்ந்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளையும் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தேன். மதுரையிலிருந்து வந்த கூட்டம் ஒன்று அண்ணாந்து நின்றது. மாமன் ஐயா பச்சை லேசர் விளக்கை அடித்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அதாங்க ரோகிணி. சூரியனவிட ரொம்பப் பெருசு. அங்கருந்து கெளம்புற வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வர அறுபத்தஞ்சு வருசம் ஆகும்."

"ஏண்டா, அப்ப இந்த வெளிச்சம் கெளம்பையில ஒனக்கு என்ன வயசு?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினான். "எம்மா, நீ எங்க இங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"நான்... பொறக்கவே இல்ல."

"நானே மூக்கொழுகிட்டுத் திரிஞ்ச புள்ள. அப்பவே கெளம்புனதுகிட்ட, ஒரு மருமக பொறப்பா, அவ மாமன் ஜீப் டயரப் போய்க் குத்துன்னு யாருடா சொல்லிவிட்டா?"

கூட்டம் சிரித்தது. "ஜோசியர் சொன்னாரும்மா..." என்று இழுத்தான்.

"அவரும் காசு வாங்கிட்டுத்தான் சொல்றாரு, நீயும் காசு வாங்கிட்டுத்தான் சொல்ற. ரெண்டுல எது பொய்யின்னு இவுக முன்னாடியே சொல்லிரு."

சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்தேன். ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டாள். இவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உயிர் போகக் காத்திருந்தான். போகவில்லை.

பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. ரோகிணியால் மாமனுக்கு வந்த கேடு தொப்பை ஒன்றுதான். கூடாரத்தில் இந்தக் கதையையும் இப்போது சேர்த்துச் சொல்கிறானாம். தானே ஆசைப்பட்டு மடி கொடுத்தானாம்! அதற்காகத்தான் இதை எழுதினேன்.

அடியே, இங்க வா. என் எழுத்து கோணலாத்தான் இருக்கும், பாத்துப் படி. ஒன் மாமன் வாசல்லதான் ஜீப்பக் கழுவிட்டிருக்கான். அவன் காதுல விழுற மாதிரி படி.